உச்சுக்கொட்டும் சத்தம்

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது, உச்சுக்கொட்டியது தானேதான் என்று வல்லிநாயகம் நினைத்துக்கொண்டார்.

அப்படி நினைத்ததில் தப்பில்லை. கச்சேரியில் யாராவது சுரம் பிசகினால், நாக்கு தானாக மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்து ‘த்ச்’ என்று சத்தமிடுவது அவருடைய வியாதி. அந்த வியாதியை நம்பித்தான் மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று, வெளியிடுவதற்கு முன்னால் மாதிரித் தட்டுகளைத் தென்காசிக்கு அனுப்பி அவரிடம் அபிப்பிராயம் கேட்டது. அவருக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பிறத்தியார் தப்பைக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. அதே வேலையை வீட்டில் அவருடைய சம்சாரம் சம்பளமில்லாமல் செய்துவந்தாள்.

ஐந்தருவிப் பாதையில், மரங்களுக்குள் ஒதுங்கியிருந்த பங்களாவின் ஹால் அது. ஆடிச் சாரல் பிடித்து ஒரு வாரமாக விடவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரந்தான், ஆனாலும் விளக்கேற்றுகிற இருட்டு. ஈரக் கம்பளமும் பூசணம் பிடித்த மரமும் ஓமத்திராவக நெடியும் கலந்த வாடை. சுவரோரம் பெரிய கறுப்புப் பியானோ. அதன் பக்கத்து முக்காலியில், பதிவான பியானோவோடு சுருதி ஒத்துப்பார்க்க அவர் கொண்டுவந்த கிராமபோன் பெட்டி.

தட்டில் இருந்தது காவடிச்சிந்து மெட்டு ஒன்று. பாட்டில்லை, பக்கவாத்தியமில்லை, பியானோ மட்டும். வாசித்தவள் உலகம்மை. எஸ்டேட் டாக்டராக இருந்து, போன ஐப்பசியில் காலமான நாறும்பூநாதனின் மனைவி. பியானோவை ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியவரும் டாக்டர்தான், அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஹாலில் இன்னும் நிற்கிற ஓமத்திராவக நெடியும் அவருடையதுதான். பங்குனியில், அருவி வற்றி மலையே வாயடைத்துக் கிடந்த நாளாகப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் வந்து, இதே ஹாலில் பதிவு செய்துகொண்டு போனார்கள். தட்டு தேறினால் அவளுக்கு மெட்ராஸில் ஸ்டூடியோ வேலை. தேறாவிட்டால் இந்த வீடுதான்.

அவள் வாசலோரம் டிரங்குப் பெட்டியின் மேல் கைவைத்து நின்றிருந்தாள். பெட்டி ஏற்கெனவே பூட்டியிருந்தது.

“மொதல்ல சுருதியப் பாத்துருவோம், தாயி. ஆரம்ப சுரத்த ஒருக்க அமுக்கு.”

அவள் வந்து ஒரே ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு, சூடுபட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். தட்டின் சுருதி அதோடு சேரும்வரை வேகத் திருகாணியைத் திருகிவிட்டு வல்லிநாயகம் கண்ணை மூடினார்.

நல்ல வாசிப்பு. இடது கை தவிலாக நடை போட, வலது கையில் சிந்து துள்ளிக்கொண்டு ஏறியது. பியானோவில் கமகம் வராது என்று பத்திரிகையில் அவரே மூன்று பத்தி எழுதியிருந்தார். இவள் பக்கத்துக் கட்டையை உரசிவிட்டு உரசிவிட்டு அந்த மூன்று பத்தியையும் அடித்துப்போட்டாள். கீழ்ஸ்தாயி பதிவில் கொஞ்சம் குடத்துக்குள் கேட்கிறது, மேலே கொஞ்சம் தகரம். பரவாயில்லை. இரண்டாவது சரணம் திரும்பியபோதுதான் அது கேட்டது.

த்ச்.

தன் நாக்கைச் சோதித்தார். சாப்பிட்டபின் போட்ட வெற்றிலையோடு சும்மா கிடந்தது. தட்டில் கீறலாக இருக்கும். ஆனால் கீறல் என்றால் தட்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் டொக்கென்று வரவேண்டும். இது ஒரே தடவை. சரி, ஊசி. ஊசியை மாற்றி மறுபடி வைத்தார்.

அதே இடம். த்ச். இந்த முறை உன்னிப்பாகக் கேட்டதில் காரணம் புரிந்தது. அங்கே இடது கை ஓர் அரைக்கால் மாத்திரை பிந்தியிருந்தது. அவருடைய காதுக்கே தப்பிய பிசகு. தன்னைவிட நல்ல காது ஒன்று இருப்பதில் அவருக்கு முதலில் பொறாமைதான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

“ரிக்கார்டு எடுக்கையில ஹாலுக்குள்ள யாரெல்லாம் இருந்தா, தாயி?”

“நானும் மெஷின்காரரும்தான்.”

“அவரு வாயி கீயி…”

“அவரு கண்ணாடிக் கதவுக்கு அங்கிட்டுல்லா இருந்தாரு.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வு எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அல்ல. வைத்தியர் நாடி பிடிக்கும்போது வீட்டார் பார்ப்பதுபோல.

மூன்றாவது தடவை வைத்தார். வைத்த அவசரத்தில் சாவி கொடுக்க மறந்துவிட்டார். முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஸ்பிரிங் தளர்ந்தது. சிந்து நடை தள்ளாடி, சுருதி இறங்கி, பியானோ சேற்றில் மாட்டிய எருமைபோல முனகியது. தட்டில் இருப்பது எதுவானாலும் அதோடு சேர்ந்து இழுபடத்தான் வேண்டும். உச்சுக்கொட்டும் சத்தமும் இழுபட்டு, ‘த்…ச்…ச்’ என்று பல்லிச் சத்தமாகத் தேயவேண்டும்.

அந்த இடம் வந்தது.

த்ச்.

சுருக்கென்று. உயிரோடு. இழுபடாமல்.

தட்டில் இல்லை. ஹாலில். அவருடைய இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி.

தட்டு நின்றது. வெளியே அருவிகளின் ஒரே இரைச்சல். அதற்குள், பக்கத்தில், யாரோ பொறுமையாக மூச்சு விட்டார்கள். ஓமத்திராவக நெடி கூடியிருந்தது.

“அண்ணாச்சி,” என்றாள் உலகம்மை மெதுவாக. “வாசிப்பத் தவிர வேற ஏதாச்சும் கேக்குதா?”

“அருவிச் சத்தந்தான்.”

“பங்குனியில எடுத்த தட்டுல அருவி ஏது அண்ணாச்சி?”

அவளுடைய கையைப் பார்த்தார். அது மறுபடி டிரங்குப் பெட்டியின் பிடிக்கே போயிருந்தது. கேட்டதையும் அந்த இடது கைப் பிசகையும் சொன்னால் கம்பெனி தட்டைத் தள்ளிவிடும். பெட்டி மறுபடி உள்ளே போகும். ஒன்பது மாதமாக இவள் இந்தச் சத்தத்தோடு தனியாகச் சோறு தின்றிருக்கிறாள். அச்சில் எத்தனையோ வித்துவான்களைக் கிழித்தவருக்கு, முகத்துக்கு நேரே ஒருத்தருக்குக் கெடுதல் சொல்ல மட்டும் வாய் வந்ததில்லை.

“ஊசிச் சத்தம், தாயி. ஈரத்துக்கு அப்படித்தான். தட்டு பாஸு. நீ கெளம்பு.”

அவள் சிரிக்கவில்லை. கண் மட்டும் நிறைந்தது. வாசலில், வல்லிநாயகத்தைக் கூட்டிவந்த வாடகைக் கார் டிரைவர் ரஹ்மத் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

“நீங்களும் வந்துருங்க. இங்கன இருக்காண்டாம்.”

“கிராமபோனப் பூட்டிக் கட்டணும்லா. அந்தக் காருல ஒன் பெட்டி, என் பெட்டி, என் வயிறு, மூணும் கொள்ளாது. ஒன்ன ஸ்டேஷன்ல விட்டுட்டு அவன் வரட்டும்.”

“சொன்னாக் கேளுங்க அண்ணாச்சி.”

“மெட்ராஸ் வண்டி ஒனக்காவ நிக்காது. போ தாயி.”

“பியானோ?” என்று படியிலிருந்து ரஹ்மத் கேட்டான்.

“அது கெடக்கட்டும்,” என்றாள் உலகம்மை, திரும்பிப் பார்க்காமல்.

கார்ச் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்தது. திறந்த வாசல் வழியாகச் சாரல் உள்ளே அடித்து, பியானோவின் வெள்ளைக் கட்டைகள்மேல் பொடிப்பொடியாக நீர் கோத்தது. வல்லிநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. நல்ல வாத்தியம். துண்டை எடுத்து, ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஒரு கட்டை அமுங்கிச் சத்தமிட்டது.

த்ச்.

“தெரியாமப் பட்டுட்டு, டாக்டரய்யா,” என்றார். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார்.

கையை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

புறங்கையில் குளிர்ச்சி. பிறகு கனம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய விரல்களின் சதையில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. மெத்தையில் விரலூன்றியதுபோல. மேலே ஒன்றுமில்லை. பள்ளங்கள் மட்டும்.

ஆள்காட்டி விரல் அமுங்கியது. சிந்தின் முதல் சுரம்.

நடுவிரல். இரண்டாவது.

சரி. இரண்டும் சரி.

மூன்றாவதற்கு நடுக்கத்தில் மோதிர விரல் முந்திக்கொண்டு, பக்கத்துக் கட்டையில் விழுந்தது. தப்புச் சுரம் ஹால் முழுக்க நின்றது. உச்சுக்கொட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

அது கேட்கவில்லை.

அந்த விரல் மட்டும் கட்டையிலிருந்து மெல்ல உயர்ந்தது. நிமிர்ந்தது. நின்ற இடத்தில் நிற்காமல், நகம் கூரையைப் பார்க்க, பின்பக்கமாக வளைய ஆரம்பித்தது. மணிக்கட்டை நோக்கி. கொஞ்சங்கொஞ்சமாக.

தாளம் தப்பாமல்.