சந்தனத்துக்கு அடியில்

ஆயுத பூஜை அன்று, ராஜகிரி மலையில் வெயில் இறங்கும் நேரம். செஞ்சி கடைவீதியில் விக்ரமன் தன் சைக்கிள் கடைக்குக் கற்பூரம் காட்டி முடித்திருந்தான். அனந்தபுரம் ரோட்டுப் பச்சைமுத்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“தொண்டூர்ல ஒரு பொண்ணு ஓட்டுனது தம்பி. இதுல இருந்து விழுந்து செத்துட்டா. நான் பேய் கீய்லாம் பாக்கறதில்ல. ஃபிரேம் தாங்குமான்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு விஜயதசமி, எம்பொண்ணு வெண்மதி இதுலதான் டைப்பிங் கிளாசுல சேரப் போவுது.”

ஸ்பேனரும் சுத்தியும் சாமி முன்னால் படுத்திருந்தன. பூஜையன்று அவற்றைத் தொடக்கூடாது. தட்டிப் பார்க்காமல் ஃபிரேமைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நாளை வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொரி கொறித்தபடி நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான் என்று பெயரெடுத்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மற்ற வண்டிகளுக்கு வைத்ததுபோல இதற்கும் சந்தனம் வைக்கப் போனான். ஹேண்டிலுக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில், மயிரிழையாக ஒரு கீறல். விரல் சற்றுத் தயங்கியது. பெயிண்ட் உரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சந்தனத்தை அதன்மேலேயே அப்பினான்.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

கற்பூர வாசனைக்கு நடுவே ஈர மண் வாடை.

“தொடச்சிப் பாருண்ணா.”

திரும்பினான். பின்னால் சுவர்தான் இருந்தது.

“ஓட்டலாம்” என்றான் விக்ரமன், பச்சைமுத்துவின் முகத்தைப் பார்க்காமல்.

இரவெல்லாம் தூக்கமில்லை. பயம் ஒரு பங்கு என்றால் வெட்கம் மூன்று பங்கு. நாலு பேர் முன்னால் கௌரவம் பார்த்து, ஊரான் பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறான். விடிந்ததும் விடியாததுமாகத் தன் சைக்கிளை எடுத்து மிதித்தான். சமமான ரோடுதான். ஆனாலும் மேடேறுவதுபோல் கால் கடுத்தது.

பச்சைமுத்து வீட்டு வாசலில் வெண்மதி சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கியிருந்தாள்.

“ஏறாதம்மா.”

தன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடிப்போய், காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினான். ஹேண்டிலை அழுத்தினான். கீறல் வாயைப் பிளந்தது.

பச்சைமுத்து வெளியே வந்தார். “நேத்தே தெரியுமா தம்பி?”

“கீறலப் பாத்தேங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்ல மானம் போவுதேன்னு... ஓட்டலாம்னு சொல்லிட்டேன்.”

தலையைத் தூக்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரோ மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

வெண்மதி அவனைப் பார்க்கவில்லை. அவன் நிறுத்தி வைத்திருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா,” என்றாள் மெதுவாக, “உங்க கேரியர்ல ஒக்காந்துனு வந்தாங்களே ஒரு அக்கா, அவங்க ஏன் இன்னும் எறங்கல?”