மடக்கிய கை

டம்ளர் மறுபடியும் கீழே விழுந்தது. உருண்டுபோய் அடுப்பு மேடையின் காலில் முட்டி நின்றது.

"இன்னிக்கு யார் மேல கோபம்?" என்றாள் மாமியார், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "இந்த வீட்டுப் பாத்திரத்தை இனிமே பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டான். அத்தனையும் நெளிசல்."

 மூத்தவள் குனிந்து வலது கையால் டம்ளரை எடுத்தாள். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வேறு யாருடையவோ போல ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் உதறினால் எறும்பு ஊர்வதுபோலக் கொஞ்சமாவது உணர்ச்சி திரும்பும். இப்போது அந்த எறும்பும் வருவதில்லை.

மூத்த மருமகள் கோபத்தில் பாத்திரத்தைப் போடுகிறாள் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதை மறுக்க வேண்டுமென்றால் கையில் பலமில்லை என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் பஞ்சுவைத் தரமாட்டார்கள். அதற்குக் கோபக்காரி என்ற பெயரே மேல்.

பஞ்சு, கொழுந்தனுடைய குழந்தை. குறை மாதத்தில், எடையே இல்லாமல் பிறந்ததால் அந்தப் பெயர். கிடத்தினால் குடித்த பாலெல்லாம் மூக்கில் ஏறி மூச்சுத் திணறும். தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிரசவத்துக்குப் பிறகு கொழுந்தனின் மனைவி, சின்னவள், காய்ச்சலில் கிடந்தாள். எழுந்ததும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. அவள்தான் மர நாற்காலியில் உட்கார்ந்து, இடது முழங்கையை அதன் கைப்பிடியில் ஊன்றி, மடக்கிய கையில் பஞ்சுவைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். இரவில் அப்படியே கண்ணயர்ந்தாள். குழந்தைக்கு மூச்சு சரியாயிற்று. ஆனால் வேறு எங்கே போட்டாலும் தூங்க மறுத்தது. இப்போது பஞ்சு தத்தித் தத்தி நடக்கிறாள், தூக்கம் மட்டும் அதே கையில்தான். கைப்பிடியில் முழங்கை பதிந்த இடம் வழவழவென்று மின்னியது.

டம்ளர் விழுந்த அன்று காலையே, பஞ்சுவைக் குளிப்பாட்டித் தூக்கும்போது, ஈரத்தில், இடது கைப் பிடி விட்டுவிட்டது.

பெரிய உயரமில்லை. ஆனால் நெற்றி வாளியின் விளிம்பில் பட்டது. அலறல் கேட்டு, அலுவலகம் கிளம்பப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த சின்னவள் பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். குழந்தையைப் பிடுங்கி எடுத்தாள்.

"என்னக்கா பண்ணீங்க?"

"நழுவிட்டா..."

"டம்ளர் நழுவும், தட்டு நழுவும். குழந்தையுமா நழுவும்?" சின்னவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அவ உங்களையே தேடறான்னு நான் எத்தனை நாள் மனசுக்குள்ள அழுதிருக்கேன் தெரியுமா? பாசமா பாத்துக்கிறாங்களேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மாமியார்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சொன்னவளுக்கே அந்தச் சொல் அதிகமென்று தெரிந்தது. ஆனால் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மூத்தவள் ஈரப் புடவையோடு நின்றாள். கை மரத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் பஞ்சுவைத் தன்னிடமிருந்து பிரிக்கும் என்று இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தாள். இப்போது சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

அதன்பின் சின்னவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். பஞ்சு அந்த நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு, "பெரிம்மா, பெரிம்மா" என்று அழுதாள். சின்னவள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். மூத்தவள் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். இனி இந்தக் கையை என்ன செய்துகொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தது மூத்தவளின் கணவன். அச்சகத்தில் தாள் வெட்டுகிறவன். வீட்டில் நோட்டுகளுக்கு அட்டை போட உட்கார்ந்தவன், "இந்தத் தாளைக் கொஞ்சம் பிடி" என்று நீட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவள் பிடித்த தாள், அவன் லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. மறுபடி கொடுத்தான். மறுபடியும் வந்தது. கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலை ஒட்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அந்தக் கையை விடாமலே சொன்னான்.

"பஞ்சுவோட நெத்தியை டாக்டரம்மாகிட்ட காட்டப் போறாங்கல்ல. நீயும் கிளம்பு."

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்து ஒன்றுமில்லை என்றாள். பிறகு மூத்தவளின் முழங்கையின் உட்புறத்தில், எலும்பை ஒட்டி விரலால் தட்டினாள். சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடித்ததுபோல ஓடியது. மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இடிச்சுக்கிட்டா சுரீர்னு இழுக்குமே, அந்த நரம்புதான் இது. கையை மடக்கினா இழுபடும். முழங்கையை ஊனினா நசுங்கும். நீங்க ரெண்டும் சேர்த்துப் பண்ணியிருக்கீங்க. என்ன வேலை?"

"வீட்டு வேலைதான்."

"வீட்டு வேலைக்கு இப்படி ஆகாதே. ரொம்ப நேரம் கையை மடக்கி எது மேலயாவது ஊனி வெச்சிருப்பீங்களா?"

 சின்னவளின் மடியிலிருந்து பஞ்சு நழுவி இறங்கினாள். பெரியம்மாவின் மடியில் தொற்றி ஏறி, அந்த இடது கையை இரண்டு கையாலும் இழுத்து மடக்கி, அதில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல அது பொருந்தியது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விரல் மரத்தப்பவே வந்திருந்தா, கையை ஊனாம, ராத்திரி மடங்காம துண்டைச் சுத்திப் படுத்திருந்தாலே சரியாயிருக்கும்மா. இப்ப சதை வத்திருச்சு. ஆபரேஷன் பண்ணி இதுக்குமேல போகாம நிறுத்தப் பாக்கலாம். போனது முழுசா திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்."

வெளியே வராந்தா பெஞ்சில் சின்னவள் உடைந்துபோனாள்.

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா குழந்தையைக் குடுத்திருப்பியா?"

 சின்னவள் மூத்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். மூத்தவள், "விடு" என்றாள். வலது கையால் அவள் தலையைத் தடவினாள். இடது கை மடியில் கிடந்தது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். ஆபரேஷன் வலி போயிற்று. விரல்கள் மரத்தது மரத்ததுதான். மாமியார் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் போட்டாள். "சனியன் பிடிச்ச நாற்காலி" என்று அதைத் திட்டினாள். மருமகளிடம் சொல்ல வேண்டியதை அவள் அப்படித்தான் சொன்னாள்.

ஒரு மத்தியானம் சின்னவள் பெரிய துண்டு ஒன்றை மடித்து, படுத்திருந்த மூத்தவளின் முழங்கை மடங்காதபடி சுற்றிக் கட்டினாள். பிறகு பஞ்சுவைக் கொண்டுவந்து இடது பக்கத்தில் கிடத்தினாள்.

"வேண்டாம். மறுபடியும் எதாவது..."

"படுக்கத்தானே போறா. எங்கே விழப்போறா?"

பஞ்சு அந்தக் கையை மடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிணுங்கினாள். பழைய இடத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நீட்டிக் கிடந்த கையின் ஓரமாகவே சரிந்து படுத்தாள். அவள் முதுகு மறைத்ததில் மூத்தவளுக்குத் தன் விரல்கள் தெரியவில்லை.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா. உங்க சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டே தூங்கறா."

மூத்தவள் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது.

"இன்னும் பிடிச்சிருக்காளா?"

"பிடிச்சிருக்காக்கா," என்றாள் சின்னவள். "கெட்டியா பிடிச்சிருக்கா."