டைரக்டர் கட் சொல்லவில்லை

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

உள்ளே டைரக்டர் மல்லாந்து கிடந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. விரல் நகங்களில் ரத்தம்.

"சார், பின்னிட்டீங்க..." என்றார் கேமராமேன்.

டைரக்டர் எழுந்திருக்கவில்லை.

மேக்கப் போடும் பெண்தான் முதலில் கவனித்தாள். அன்று அவள் டைரக்டரின் முகத்தில் பவுடரைத் தவிர எதையும் பூசவில்லை.

"நான் நீலம் போடலையே..." என்றாள்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அப்புறம்தான் அலறல் கிளம்பியது!

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது அலறலும் அடங்கிப் போயிருந்தது. தளத்தில் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. நடுவே மண் குழி. குழிக்குள் மரப்பெட்டி. சுற்றிலும் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர். ஆனால் இதே டைரக்டர் எடுத்த 'மூடிய பெட்டி' படத்தைப் பார்த்த நாளிலிருந்து பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டதில்லை. இந்த ரகசியம் அவருடைய கணவருக்கு மட்டும் தெரியும்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் படம் அப்படி. புருஷன் வீட்டார் மருமகளை உயிரோடு பெட்டியில் போட்டுப் புதைக்கிற கதை. மண்ணுக்கடியிலிருந்து அவள் நகத்தால் மூடியைச் சுரண்டுகிற சத்தம்தான் படத்தின் உயிர். தியேட்டர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தடை செய்யச் சொல்லி ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் போனவர்களே மறுநாள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார்கள். பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளைச் சுரண்டிவிட்டு ஓடினார்கள். மூடி போட்ட பெட்டி செய்கிற கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

மருமகளாக நடித்த பெண் அப்புறம் எந்தப் படத்திலும் தலைகாட்டவில்லை. கேட்டவர்களிடம், "கல்யாணமாகி வெளிநாட்ல செட்டில் ஆயிட்டா" என்று டைரக்டர் சொல்லி வைத்தார்.

ஒரு பத்திரிகை நம்பவில்லை. பெட்டிக்குள் அந்தப் பெண்ணை நிஜமாகவே மூச்சுத் திணற விட்டார்கள் என்று எழுதியது. டைரக்டருக்குக் கோபம் வந்தது. இரண்டாம் பாகத்தில் நானே பெட்டிக்குள் படுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார்.

படுத்துக் காட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குழிக்குள் எட்டிப் பார்த்த நேரம்...

சர்... சர்... சர்ர்ர்...

நகம் மரத்தைச் சுரண்டும் சத்தம்!

தளத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் ஒரு எட்டு பின்வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் அவசரமாகப் போனை எடுத்து அணைத்தார்.

"என் பொண்ணு வெச்ச ரிங்டோன். மாத்தத் தெரியல எனக்கு" என்றார் சங்கடத்துடன்.

பிறகு கேமராமேனைத் தனியே அழைத்தார்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு?"

"கார்டு நிறையுற வரைக்கும் மேடம்."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"கேமராவுல இருக்கிற மெமரி கார்டு நிறைஞ்சு தானா நின்னுடுச்சு. அப்பதான் நான் மூடியைத் திறங்கன்னு சொன்னேன்."

"அதுவரைக்கும் இத்தனை பேரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னீங்க."

"அவர் கட் சொல்லல மேடம்."

"செத்தவரு எப்படிய்யா சொல்லுவாரு?"

கேமராமேன் கையை விரித்தார்.

"எங்க தொழில்ல டைரக்டர் கட் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது மேடம். இவர் அதுல ரொம்ப மோசம். முதல் பாகம் எடுக்கிறப்ப ஒரு அசிஸ்டென்ட் பயந்துபோய் பாதி ஷாட்ல மூடியைத் தூக்கப் போனான். அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் அவனுக்கு யாருமே வேலை கொடுக்கல."

"பெட்டி மேல மண்ணு. உள்ள இருக்கிற ஆளு கட் சொன்னா வெளிய எப்படிக் கேக்கும்?"

"உள்ள ஒரு மைக் இருக்கு. அது காதக்காவோட ஹெட்போனுக்குப் போகும். சார் கட் சொன்னா அவங்க கையைத் தூக்கணும். உடனே நாங்க திறக்கணும். அதான் ஏற்பாடு."

"காதக்கா?"

"சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். எறும்பு நடந்தாக்கூட கேக்கும்னு நாங்க வெச்ச பேரு."

கான்ஸ்டபிள் குழியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மேடம், பெட்டியில மண்ணு படாத பக்கம் காத்து வர்றதுக்கு ஓட்டை போட்டிருக்காங்க. ஆனா எல்லாத்தையும் கறுப்பு டேப்பால அடைச்சு வெச்சிருக்கு."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. கேமராமேனின் முகம் வெளுத்தது.

"நீங்க ஒட்டினீங்களா?"

"சத்தியமா அவர்தான் ஒட்டச் சொன்னாரு மேடம். ஓட்டை வழியா உள்ள வெளிச்சம் வருதாம். இருட்டு இருட்டா இருக்கணுமாம். போன படத்துலயும் இப்படித்தான் ஒட்டி..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அப்ப அந்தப் பொண்ணு நடிக்கல" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

கேமராமேன் குழியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க இருக்கா?"

"கல்யாணமாகி..."

"யோவ்."

கேமராமேன் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

காதக்கா தன்னுடைய மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உருவம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"அவர் கட் சொன்னாராம்மா?"

"இல்ல மேடம். சுரண்டுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. நல்லா நடிக்கிறாருன்னு நினைச்சேன்."

"போட்டுக் காட்டுங்க."

காதக்கா ஹெட்போனைக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் மாட்டிக்கொண்டார்.

சர்ர்... சர்... நீண்ட இடைவெளி... சர்ர்ர்ர்... டக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

'கட்' இல்லை. 'காப்பாத்துங்க' இல்லை. டைரக்டர் தன் கையாலேயே தனக்குக் குழி தோண்டிக்கொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. விபத்து என்று எழுதி மூடிவிடலாம்.

இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றினார். பின்கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பயத்தினால்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு பிரதி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை. சவுண்ட் ஸ்டூடியோவின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கூடவே கான்ஸ்டபிள். கதவு தானாக மூடிக்கொண்டதும் வெளி உலகத்துச் சத்தம் எல்லாம் அறுந்து போயிற்று.

காதக்கா எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் வரேன்."

காதக்கா உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணைப் பாத்தேன். பேச்சு இல்ல. யாரையும் அடையாளம் தெரியல. மூளைக்குக் காத்து போகாம இருந்திருக்குன்னு டாக்டர் சொல்றாரு. விரல் மட்டும் அசையுது. பெட்ஷீட்டைச் சுரண்டிக்கிட்டே இருக்கா."

"தெரியும்."

"தெரியும்தான். வாராவாரம் ஒரு அக்கா வந்து, அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

காதக்கா கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க 'மூடிய பெட்டி' படத்தைப் பாத்தீங்களா?"

"நான் வேலை செஞ்ச படம் மேடம்."

"அதைக் கேக்கல. தியேட்டர்ல உக்காந்து, கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

காதக்காவின் கண்கள் முதல் முறையாகத் தடுமாறின.

"இல்ல. என்னால முடியல."

"அதான் மாட்டிக்கிட்டீங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சது ஆரம்பத்துல வர்ற சுரண்டல். என் ரிங்டோன்ல இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். அதனால அதை நீங்க தொடல. அந்த ஷாட்டோட வால் பகுதியை எடுத்தீங்க. அது யாருமே கேக்காததுன்னு நினைச்சீங்க."

"மேடம்..."

"படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடுது பாருங்க, அப்ப கறுப்புத் திரையில உங்க டைரக்டர் அதைத்தான் போட்டிருக்காரு. முக்கால்வாசி பேர் எழுந்து போயிடுவாங்க. எனக்குக் கால் நடுங்கி எழுந்திருக்க முடியல. உக்காந்து முழுசா கேட்டேன். கடைசியில டக்குனு ஒரு சத்தம் வரும். நகம் உடையற சத்தம். அதைக் கேட்டு ஒரு வாரம் தூங்காதவ நான். ராத்திரி உங்க ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதே இடைவெளி. அதே டக்."

கான்ஸ்டபிள் வாயைப் பிளந்தார்.

"நீங்க எனக்குக் கொடுத்தது டைரக்டரோட சுரண்டல் இல்ல. அந்தப் பொண்ணோடது. நிஜமானது எங்கேம்மா? அழிச்சிட்டீங்களா?"

காதக்கா தளத்திலிருந்து கொண்டுவந்திருந்த மெஷின் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு பட்டனைத் தட்டினாள்.

அறை முழுவதும் டைரக்டரின் குரல் நிரம்பியது.

"கட்... சூப்பரா வந்திருக்கும்மா. கையைத் தூக்கு."

சிரிப்பு. பெருமூச்சு.

"ஏய், கட்டுன்னு சொன்னேன்ல. காதுல என்ன பஞ்சா?"

சுரண்டல்.

"காத்து வரலம்மா... கேக்குதா? கட்... கேக்குதாம்மா?"

காதக்கா நிறுத்தினாள். மீதியை இன்ஸ்பெக்டரும் கேட்க விரும்பவில்லை.

"பழைய சத்தமெல்லாம் ரெண்டாம் பாகத்துக்காக இதே மெஷின்லதான் இருந்துச்சு. எல்லாரும் கத்திக்கிட்டு ஓடினப்ப மாத்தி வெச்சேன். ஆனா இதை அழிக்க மனசு வரல."

"கை தூக்கியிருந்தா பிழைச்சிருப்பாரு."

"ஆமா."

"கொல்லணும்னே பண்ணீங்களா?"

"முதல்ல கொஞ்ச நேரம் பயப்படட்டும்னு நினைச்சேன். ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அவ பட்டது என்னன்னு தெரியட்டும். அப்புறம் கையைத் தூக்கலாம்னுதான்..." காதக்கா தன் கையைப் பார்த்தாள். "அவர் 'கேக்குதா'ன்னு கேட்டதும் என் கை எழும்பல மேடம்."

"ஏன்?"

"அன்னைக்கு அவளும் அதைத்தான் கேட்டா. கட் சொல்ற உரிமை அவளுக்கு ஏது? நான் ஒருத்திதான் கேப்பேன்னு அவளுக்குத் தெரியும். 'அக்கா, கேக்குதா? திறக்கச் சொல்லுங்கக்கா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் டைரக்டரைப் பாத்தேன். அவர் கையைக் காட்டி, சும்மா இருன்னாரு. நான் சும்மா இருந்தேன்."

"படத்துல அந்தப் பேச்சு வரலையே."

"நான்தான் வெட்டி எடுத்தேன். அவர் சொன்னாரு, வெட்டினேன். சுரண்டலை மட்டும் விட்டு வெச்சேன். அதுக்குத்தான் ஊரே கை தட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் தலை குனிந்தார். நாலு முறை டிக்கெட் எடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. நாலாவது முறை தங்கை குடும்பத்தையும் கூட்டிப் போனது ஞாபகத்துக்கு வந்தது. மருமகள் சுரண்டியபோது பாப்கார்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சுரண்ட மாட்டாளா என்று காத்திருந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன இருந்தாலும் கொலை கொலைதாம்மா" என்றார்.

"இல்லன்னு நான் சொல்லலையே. டைரக்டருக்கு மட்டும் இல்ல மேடம். அவளுக்கும் சேர்த்து எழுதிக்கோங்க."

காதக்கா கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். கான்ஸ்டபிள் தயங்கியபடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார்.

சர்... சர்... சர்ர்ர்...

அந்த அறையில் அந்தச் சத்தம் நான்கு சுவர்களுக்குள்ளிருந்தும் வருவதுபோலக் கேட்டது. இன்ஸ்பெக்டர் பதறிப்போய்ச் சட்டைப் பையைத் துழாவினார். போன் கைக்கு அகப்படவில்லை. சுரண்டல் நிற்கவும் இல்லை.

காதக்கா முதல் முறையாகச் சிரித்தாள்.

"எடுங்க மேடம்... அவ எவ்வளவு நாளா கூப்பிடுறா. நீங்களாவது எடுத்து, கேக்குதுன்னு சொல்லுங்க."