நிலைக்கு உள்ளே இருப்பதெல்லாம்

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் சிவசண்முகம் பிள்ளைக்கு வழுக்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தரை ஈரமாக இருந்தது. போன ஆவணியில் பூட்டிய வீடு; அன்றிலிருந்து சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கூரை ஒழுகின ஈரம் என்றால் திட்டுத்திட்டாகக் கிடக்கும். இது மூலைக்கு மூலை துணி போட்டுத் துடைத்த ஈரம். துணி வளைந்து திரும்பின தடம்கூட இன்னும் காயவில்லை.

"பரவாயில்லையே அண்ணாச்சி, ஆள் வச்சுத் தொடச்சுப் போட்டிருக்கீயளே!" என்றாள் பின்னால் நின்ற சாரம்மாள்.

"ஆமாம்மா, நீங்க வாரீயன்னுதான் நேத்தே ஒருத்தியை வரச் சொன்னேன்."

அவர் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. தரகர் வாய் அல்லவா? அது பொய்யைத் தேடிப் போகவேண்டியதில்லை, பொய்தான் அதைத் தேடி வரும்.

கொல்லத்துக்கு ரயில் விட்ட பிறகுதான் பூங்குளத்தங்கரைக்கு இந்த யோகம் அடித்தது. அதுவரை அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே அப்படி ஒரு குளம் இருப்பதே வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இப்போது ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் போதும், திருநெல்வேலி வக்கீல்களும் தூத்துக்குடி வியாபாரிகளும் பாளையங்கோட்டை உத்தியோகஸ்தர்களும் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். கால்வாய்த் தண்ணீர் குளத்தை முட்ட நிரப்பியிருக்கும். எதிரே பொதிகை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அந்தக் காற்று மேலே பட்டதும் வந்தவர்களுக்குப் புத்தி மயங்கிவிடும். குளத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றால் போதும், வீடு தானாக விலை போகும் என்பதுதான் பிள்ளையின் தொழில் ரகசியம். பங்குனி சித்திரையில் அதே குளம் வெடித்துச் சேறாகி நாறும். அந்த மாதங்களில் ஒரு ஈயைக்கூட அவர் அந்தப் பக்கம் அண்ட விடமாட்டார். ஆவணி தாண்டினால் வியாபாரம் படுத்துவிடும். இந்த வருஷத்துச் சாரலோ ஆடிக் கடைசிக்கு வந்துவிட்டது.

வந்திருந்த நேசையா, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெள்ளைச் சேலை கட்டியிருந்த சாரம்மாள் அவர் மனைவி. ஒரே மகள் ஜெபராணிக்கு மூச்சிழுப்பு. மலைக்காற்று பட்டால் குணமாகும் என்று டாக்டர் சொன்னாராம். வீடு அமைந்த பிறகு அவளைக் கூட்டிவருவதாக எண்ணம். ஊரில் வேறு யாரும் அவர்களிடம் பேசிவிடக் கூடாதென்று பிள்ளை ஸ்டேஷனிலேயே போய் நின்று, ஒரு வாடகை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"புள்ள ஜன்னல் பக்கம் படுத்துக்கிட்டா நல்லா மூச்சு விடுவா, என்ன?" என்று சாரம்மாள் கேட்டாள். கையை நீட்டி ஜன்னலைத் தொட்டபோது அவள் கண்ணாடி வளையல்கள் கலகலவென்றன.

"நல்லா விடுவா," என்றார் பிள்ளை. அப்படிச் சொன்ன நாக்கு அழுகாதா என்று கேட்பீர்கள். அவருக்கும் ஒரு பெண் இருந்தாள். பிரம்மநாயகி என்று பேர். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னார்.

இந்த வீடு பாலம்மாளுடையது. தாலியறுத்த பிறகு தனியாக இருந்தவள். வெள்ளைச் சேலையும் கையில் ஒரு ஈரத்துணியுமாகத்தான் அவளை ஊர் பார்த்திருக்கிறது. எந்நேரமும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். "பாலம்மா வீட்டுக்குள்ள ஈ நின்னா, அதையும் தொடச்சு வச்சிருவா" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்த வீட்டைச் சாரல் மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு விட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் பிள்ளை அவளிடம் கைநாட்டு வாங்கினார். வாங்கினது கிரயப் பத்திரத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவள், "அண்ணாச்சி சொன்னா சரி" என்று பெருவிரலை நீட்டினாள். பாவி, அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றின கை நடுங்கக்கூட இல்லை.

பூங்குளத்தங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவதெல்லாம் சர்க்காருக்கு. ஊருக்கு நிறைகுடம்தான் கணக்கு. விற்கிறவர் குளத்தில் ஒரு குடம் தண்ணீர் மொண்டுவந்து நிலைப்படிக்கு வெளியே நிற்கவேண்டும். வாங்குகிறவர் உள்ளே நிற்கவேண்டும். "வீட்டைக் குடுத்தேன், நிலைக்கு உள்ள இருக்கது அம்புட்டையும் சேத்துக் குடுத்தேன்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் உள்ளே எது இருந்தாலும் வாங்கினவருடையது. ஒருவர் தொழுவத்தில் கட்டின கன்றை மறந்து குடத்தைக் கொடுத்துவிட்டார். தாய்ப்பசு தெருவில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியும் கன்று திரும்பவில்லை. அன்றுமுதல் விற்கிறவர்கள் பிள்ளைகுட்டிகளையெல்லாம் வெளியே கூப்பிட்டு நிறுத்தின பிறகுதான் குடத்தில் கை வைப்பார்கள். சிவசண்முகம் பிள்ளையே எத்தனையோ பேரை, "வெளிய வாரும் வே, வெளிய வந்து நின்னு குடும்!" என்று விரட்டியிருக்கிறார்.

போன வருஷம் அவர் ஆள் அம்போடு காலி பண்ணச் சொல்லி வந்து நின்றபோது பாலம்மாள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. இருந்த பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தாள். குளத்துக்குப் போய்க் குடத்தில் மொண்டுவந்தாள். நிலைக்கு வெளியே நின்று, உள்ளே நின்ற பிள்ளையின் கையில் கொடுத்தாள். "வீட்டைக் குடுத்தேன். நிலைக்கு உள்ள இருக்கது அம்புட்டையும் சேத்துக் குடுத்தேன். நல்லா வச்சுக்கிடும்." அவ்வளவுதான். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு குளத்துப் படித்துறையில் இறங்கினவள், ஏறவில்லை. ஆளைத் தூக்கியபோது விரலைப் பிரித்தும் துணியை எடுக்க முடியவில்லை என்று சொன்னார்கள்.

அன்று முதல் பிள்ளையின் சொந்த வீட்டில், விடிந்து பார்த்தால் தரை ஈரமாக இருக்கும். முதலில் பெண்டாட்டியைத் திட்டினார். பிறகு பிரம்மநாயகியின் தலைமயிர் நனைய ஆரம்பித்தது. படுக்கும்போது காய்ந்திருக்கும், எழுந்திருக்கும்போது சொட்டும். முகர்ந்து பார்த்தால் பாசியும் சேறும் மணக்கும். இந்த ஆடியில் அவள் தூங்கும்போது தண்ணீர் குடித்தவள்போல் மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டாள். வாங்கின குடத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால் ஒழிய விடாது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. ஊர்க்காரர் ஒருவரும் வாங்கவில்லை. வெளியூர்க்காரர்தான் அகப்பட வேண்டும். யார் பிள்ளை திணறினால் என்ன, தன் பிள்ளை மூச்சு விட்டால் சரி.

அடுப்படியில் பித்தளைப் பாத்திரங்கள் பளபளத்தன. தூசி இல்லை, களிம்பு இல்லை. போன வருஷம் அவர் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன பாலம்மாளின் குடம் நிமிர்ந்திருந்தது.

"நாளைக்கு ரிஜிஸ்தரை முடிச்சிருவோம், வாத்தியாரய்யா. ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு, அதை இப்பவே செஞ்சிருவோம்," என்று நிறைகுடத்தைப் பற்றிச் சொன்னார்.

நேசையா முகத்தைச் சுளித்தார். "எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, பிள்ளைவாள். ஜெபம் பண்ணிட்டுத்தான் குடி வருவோம்."

"தண்ணிதானே வாங்கப் போறோம்? ஊரு மரியாதைக்கு நான் வாங்கிக்கிடுதேன்," என்றாள் சாரம்மாள். பிள்ளைக்கு அவள் காலில் விழலாம்போல் இருந்தது.

"அப்ப நீங்க இங்கனயே முன்கட்டுல நில்லுங்கம்மா. எங்கயும் போயிராதீய. நான் மொண்டுட்டு வந்துருதேன்."

அடுப்படியிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாகப் படித்துறைக்கு இறங்கினார். பொழுது இன்னும் சாயவில்லை. ஆனாலும் மேகம் மலையை விட்டு இறங்கிக் குளத்தின்மேல் படுத்திருந்ததால் எதிர்க்கரை தெரியவில்லை. சாரல் தண்ணீரில் விழுகிற சத்தம் யாரோ முணுமுணுப்பதுபோல் ஓயாமல் கேட்டது. கரையோரத்துத் தவளைகள் கத்திக்கொண்டிருந்தவை, அவர் கடைசிப் படியில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டன. குடத்தை முக்கினார். அது வெறும் தண்ணீரை மொள்ளுகிற கனமாக இல்லை. அடியிலிருந்து யாரோ பிடித்துக்கொண்டு, பைய, மனசில்லாமல் விடுவதுபோல் இருந்தது.

இடுப்பில் ஏற்றி நிமிர்ந்தார். சாரல் மழையாகிவிட்டது. வீட்டைச் சுற்றி வாசலுக்குப் போகிற சந்து முழுக்கப் பாசி. வழுக்கினால் குடம் போய்விடும். வீட்டுக்குள் புகுந்து போய், முன்வாசலைத் தாண்டி வெளியே நின்று, திரும்பி நீட்டிவிடலாம் என்று நினைத்தார். நாலு எட்டு வைத்தால் வாசல். புறவாசல் படியேறி உள்ளே நுழைந்தார்.

உள்ளே நல்ல இருட்டு. ஜன்னலை யாரோ சாத்தியிருந்தார்கள். குடம் கனத்தது. அடுப்படியைத் தாண்டுவதற்குள் இன்னும் கனத்தது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிடும்போல் இருந்தது. தோள் நடுங்கித் தண்ணீர் தளும்பி வேட்டியில் வழிந்தது. ஐயோ, சிந்தக் கூடாதே! சிந்தினால் நிறைகுடம் இல்லை. இன்னொரு தடவை மொள்ளத் தெம்பில்லை.

முன்கட்டில் வெள்ளைச் சேலை தெரிந்தது. அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே சாரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"புடிங்கம்மா, புடிங்க!" மூச்சு இரைத்தது. வாசலைப் பார்த்தார். அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். கை விட்டுப்போகிறது. பிரம்மநாயகியின் நனைந்த தலை கண்ணில் வந்தது. "வீட்டைக் குடுத்தேன். நிலைக்கு உள்ள இருக்கது அம்புட்டையும் சேத்துக் குடுத்தேன்!"

கைகள் குடத்தை வாங்கிக்கொண்டன. சுமை இறங்கியது. ஒரு வருஷத்துச் சுமையும் இறங்கியதுபோல் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா. என் புள்ள தப்பிச்சிட்டா.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

வளையல் சத்தம் கேட்கவில்லை.

"பிள்ளைவாளை எங்க காணோம்?" வாசலுக்கு வெளியே, வண்டிப் பக்கமிருந்து, நேசையாவின் குரல்.

"குடை எடுக்கத்தான நான் வந்தேன், அதுக்குள்ள எங்க போயிட்டாரு?" சாரம்மாள் சிரித்தாள். குடையை விரித்தாள். வெளியே, மழைக்குள், வளையல்கள் கலகலவென்றன.

பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு ஓடினார். நிலைப்படியில் கால் தூக்கினார். கால் எழுந்தது. தாண்டவில்லை. வெளியே ஒன்றும் தடுக்கவில்லை, காற்று முகத்தில் அடித்தது, மழைத்துளி மேலே தெறித்தது. கால் மட்டும் திரும்பத் திரும்ப உள்ளேயே ஊன்றியது.

உள்ளே நின்று கொடுத்துவிட்டார். எத்தனை பேரை விரட்டியிருக்கிறார், வெளியே வந்து நின்று கொடும் என்று!

"வாத்தியாரய்யா!" என்று கத்தினார். நேசையா வாசலுக்கு வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். அவர் மூச்சு பிள்ளையின் முகத்தில் பட்டது. அவ்வளவு பக்கம்.

"அய்யா! கையைப் புடிச்சு இழும்! அய்யா!"

"ஒருத்தரும் இல்ல," என்றார் நேசையா, மனைவியைத் திரும்பிப் பார்த்து. "சாமான்தான் கெடக்கு."

"எனக்கு இந்த வீடு என்னமோ வேண்டாம்னு தோணுது. வாங்க, போயிருவோம்."

நேசையா மரியாதை தெரிந்த மனிதர். திறந்துபோட்ட வீட்டுக்குள் மழை அடிக்குமே என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். வண்டி மணி கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இருட்டு. குளத்து வாடை.

அடுப்படியில் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம். துணியைத் தண்ணீரில் நனைக்கிற சத்தம். பிழிகிற சத்தம். பிறகு ஒரு பாத்திரத்தைத் துடைத்து வைக்கிற சத்தம்.

இன்னொன்று.

இன்னொன்று. அவசரமே இல்லை. வீட்டுக்காரி தன் வீட்டுச் சாமானைத் துடைக்கிறாள்.

அடுப்படி முடிந்தது. முன்கட்டுத் தூணைத் துடைத்தாள். ஜன்னல் கம்பி. கதவின் தாழ்ப்பாள், அவர் தோளுக்குப் பக்கத்தில். பிள்ளை கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பாத்திரம் கத்துமா?

முதலில் நெற்றி. பிறகு கண், ஒவ்வொன்றாக, அழுத்தி. சேறு மணக்கும் ஈரத்துணி மூக்கைச் சுற்றி வந்தது. பிறகு, செம்புக்குள் விரலை விட்டுத் துடைப்பதுபோல், வாய்க்குள் இறங்கியது.