அமுங்கிய வட்டம்

"ஊசி இல்ல, கத்தி இல்ல. சும்மா அழுத்திப் பாக்குறதுக்கு ஒரு படிப்பாடி?" என்று ஸ்கேன்காரியிடம் அவள் அம்மா ஒருமுறை கேட்டிருந்தாள்.

இப்போதும் அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். மருத்துவமனையின் ஜன்னலில்லாத கீழ்த்தள அறை; ஸ்பிரிட் வாடையும், இயந்திரத்துக்குள் ஓயாமல் இரையும் விசிறியும். படுக்கையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மாவுக்கட்டு பிரித்து நான்கே நாளான இடது கால், வலதைவிடத் தடித்துப் பளபளத்தது. காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது. நுரையீரலைப் படமெடுக்கும் பெரிய மெஷின் பழுது. காலில் ரத்தக்கட்டி தெரிந்தாலே போதும், மருந்து தொடங்கிவிடலாம்.

திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். துடிப்பது தமனி, அது இலேசில் அமுங்காது. பக்கத்தில் இருப்பது சிரை. தொட்டாலே மூடிக்கொள்ள வேண்டும்.

மூடவில்லை.

"என்னம்மா, சப்பாத்தி மாவா பிசையிறீங்க?" என்றார் டீச்சரின் கணவர்.

"சும்மா இருங்க," என்றார் டீச்சர், மூச்சுக்கு நடுவே. "ஜோக்கடிக்க நேரம் பாத்தாரு."

ஸ்கேன்காரி மூன்றாவது முறையாக போனை எடுத்தாள். "டாக்டர், தொடையில கட்டி இருக்கு. மருந்து எழுதிக் குடுங்க."

"பயத்துலகூட மூச்சு வாங்கும்மா. படத்தை அனுப்புங்க, பாக்கறேன்."

"அனுப்பி அரை மணி நேரமாச்சு டாக்டர்!"

வைத்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

"சார், நீங்களே மேல போய் அவரைக் கையோட கூட்டிட்டு வாங்க."

கணவர் ஓடினார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் மறுபடி ஜெல் தடவி, அதே இடத்தில் அழுத்தினாள்.

சிரை அழகாக மூடிக்கொண்டது.

சுத்தம். கட்டி இல்லை. காலை விட்டுக் கிளம்பிய கட்டி நேரே நுரையீரலுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"டீச்சர்? டீச்சர்!"

 திறந்த கண்கள் அவளையே பார்த்தன. மார்பு அசையவில்லை. திரையைப் பார்த்தாள். தமனி துடிக்கவில்லை. அழுத்தினாள். அதுவும் அமுங்கியது. காகிதம் போல.

போன் அடித்தது.

"படம் பாத்தேன்மா. கட்டிதான். மருந்தை ஆரம்பிச்சிடுங்க."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. பின்னால் படுக்கை கிறீச்சிட்டது.

டீச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தார். டிஷ்யூ எடுத்துத் தொடையில் இருந்த ஜெல்லைத் துடைத்தார். செருப்பைத் தேடி மாட்டினார். உதடு நீலம். மார்பு அசையவே இல்லை.

கதவைத் திறந்தார். வெளியே போனார்.