அவுன்ஸ் கிளாஸில் ஒரு கோடு

அந்த முன்னறையில் மாலை நான்கு மணிக்கு இருந்தவர்கள் நான்கு பேர்.

மேஜையின் தலைமாட்டில் வீட்டுக்காரர். மருந்து அளந்து குடிக்கப் பழைய மருந்துக்கடைகள் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த அவுன்ஸ் கிளாஸ்களை நாற்பது வருஷமாகச் சேர்த்தவர். கடையின் பெயர் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும் கிளாஸ்கள். அதனால் ஊரில் அவர் பெயரே 'அவுன்ஸ்'!

அவருக்கு வலதுபக்கம், ஜன்னலோரம், தம்பி.

இடதுபக்கம், அலமாரிக்கு முதுகு காட்டி, இன்னொரு சேகரிப்பாளர். கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்கும், மடியில் எந்நேரமும் ஒரு பை. பட்டப்பெயர் 'லென்ஸ்'.

எதிரே, சமையலறைக் கதவையொட்டி ஒரு ஸ்டூலில், மனைவி. மடியில் துடைக்கும் துணி.

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவுன்ஸ் ஒரு கிளாஸைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என் கிளாஸ் இல்ல! நிறத்தைப் பாருங்க... மஞ்சள்! யாரோ மாத்திட்டாங்க! இங்க உக்காந்திருக்கிற மூணு பேர்ல ஒருத்தர்தான்... அது யாருன்னா..."

கை நெஞ்சுக்குப் போனது. தலை மேஜைக்கு வந்தது.

நாலு மணி மூன்று நிமிஷத்துக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர்!

ஐந்தேகாலுக்கு ஒரு கான்ஸ்டபிளோடு வந்த இன்ஸ்பெக்டருக்கு முதலில் தேவைப்பட்டது துப்பு அல்ல. நாற்காலி.

பிணத்தைத் தரையில் கிடத்திப் போர்வை போட்டிருந்தார்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலி செத்தவருடையது. இன்ஸ்பெக்டர் அதிலேயே உட்கார்ந்தார். முழங்கால் அந்த லட்சணத்தில் இருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது பிணம்.

"என்ன சார் யோசனை?" தம்பி எகிறினான். "தினமும் மருந்து ஊத்திக் குடுத்தது அண்ணிதான்! விலங்கை எடுங்க!"

"விலங்கு ஜீப்புல இருக்கு. எழுந்து போகணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

போன் அலறியது. மேலதிகாரி!

"என்னய்யா, அந்தம்மாவை உள்ள வச்சாச்சா? ஏழு மணிக்கு நான் பத்திரிகைக்காரங்களைப் பார்க்கணும்!"

"விசாரிச்சுட்டிருக்கேன் சார்."

"விசாரணையை அரெஸ்ட் பண்ணிட்டு வச்சுக்கோ!"

வைத்துவிட்டார். மணி ஐந்தரை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அந்த அம்மாள் கொலைகாரி. செய்தாளோ, செய்யவில்லையோ!

அவள் அழவில்லை. மடியில் இருந்த துணியை நாலாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

மீண்டும் போன். இந்த முறை போலீஸ் டாக்டர்.

"ஒரு மாசமா வாந்தி, தலைசுத்தல், பார்க்கறதெல்லாம் மஞ்சள்னு சொன்னீங்களே... அவர் குடிச்ச இதய மருந்து அளவுக்கு மீறினா அப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா ஏறி, ஒரு நாள் இதயத்தையே நிறுத்திடும். ரத்தத்தைப் பார்த்து உறுதி பண்றேன்."

இன்ஸ்பெக்டர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சளும் இல்லை, ஒன்றும் இல்லை. பாவம்... மனுஷன் கண்ணைச் சந்தேகப்படாமல் கண்ணாடியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்!

"அம்மா, தினம் எவ்வளவு ஊத்துவீங்க?"

"டாக்டர் சொன்னது ஒரு டீஸ்பூன், ஐயா. அந்த கிளாஸுல டீஸ்பூனுக்குன்னு ஒரு கோடு புடைச்சிருக்கும். அவர் கட்டைவிரலை அதுல வச்சுக் காட்டுவார். அதுவரைக்கும் ஊத்துவேன். இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கும் அப்படித்தான்."

லென்ஸ் நாற்காலியில் துள்ளினார்.

"என்னது! அந்த கிளாஸுலயா? குடிச்சாரா? அதுல தண்ணி படவே விடமாட்டோமே நாங்கள்லாம்!"

"அண்ணன் பத்து வருஷமா அதுலதான் குடிக்கிறார்" என்றான் தம்பி. "வீட்டுக்குள்ள எல்லாருக்கும் தெரியும்."

லென்ஸின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மருந்து பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். ஒரு மூடி, சரியாக ஒரு டீஸ்பூன். பாட்டிலிலேயே அச்சடித்திருந்தது.

கிளாஸில் கோடு வரை தண்ணீர் ஊற்றினார். அதை மூடியில் சாய்த்தார்.

மூடி நிறைந்தது. கிளாஸில் இன்னும் தண்ணீர்!

இன்னொரு மூடி. அதுவும் நிறைந்தது!

"இரண்டு..." என்றான் கான்ஸ்டபிள், வாயைப் பிளந்து.

"இந்த மூடியால நீங்க அளந்து பார்க்கலையாம்மா?"

"அவர் முன்னாடி பிளாஸ்டிக்கைக் கையில எடுக்க முடியுமா? ஆறுநூத்திப் பன்னெண்டு கிளாஸ் ஐயா. தினம் துடைக்கணும். இதுங்களுக்குத் துணை வேணும்னு இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி நான் வெளிய தங்கினதில்ல. அளக்க எங்க நேரம்?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு லென்ஸ் பக்கம் திரும்பினார்.

"அவர் இதுல குடிக்கிறது தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான். தெரிஞ்சவன் மாத்தினா கொலை. தெரியாதவன் மாத்தினா திருட்டு. அந்தப் பையைத் திறங்க. என்னை எழுந்திருக்க வைக்காதீங்க!"

லென்ஸ் திறந்தார். பஞ்சுக்குள் பொத்திவைத்த ஒரு கிளாஸ். அதே கடை, அதே எழுத்துகள். கோடு மட்டும் மேஜையில் இருந்ததில் பாதி உயரத்தில்!

"போன மாசம் கண்காட்சிக்கு இரவல் வாங்கினேன் சார்... அச்செடுத்து ஒரு பட்டறையில போலி பண்ணினேன். எழுத்துல ஒரு சுழி தப்பில்ல, நானே லென்ஸ் வச்சுப் பார்த்தேன். கோடு மட்டும் அச்சுல சரியா விழல. கையால போடச் சொன்னேன்... கோட்டை யார் சார் பார்ப்பாங்க? நாங்க எழுத்தைத்தானே பார்ப்போம்!"

"செத்தவர் கோட்டைப் பார்த்திருக்கார்!"

மனைவி எழுந்து, போலி கிளாஸை வாங்கித் துடைத்து மேஜையில் வைத்தாள். பழக்கதோஷம்.

லென்ஸை ஏற்றிக்கொண்டு ஜீப் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஆறே முக்கால். ஒரு அப்பாவி பிழைத்தாள்! இன்ஸ்பெக்டர் காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

"சார், பசை எங்க சார்?" என்றான் கான்ஸ்டபிள்.

"எதுக்குய்யா?"

"அந்தம்மா ஒரு கடிதம் குடுத்தாங்க. வீட்ல பசை தீர்ந்துபோச்சாம். ஒட்டித் தபால்ல போட்டுடச் சொன்னாங்க. மருந்துக்கடைக்கு."

"செத்தவருக்கு எதுக்குய்யா மருந்து?"

கேட்ட மாத்திரத்தில் இன்ஸ்பெக்டரின் கண் திறந்துகொண்டது. "குடு அதை!"

கோடு போட்ட தாள். மணிமணியான எழுத்து. மேலே இன்றைய தேதி. பக்கத்தில், ஒழுங்கான அம்மாள் அல்லவா... நேரம் கூட! காலை மணி ஏழு.

*ஐயா, வணக்கம். மாதம் ஒரு பாட்டில் போன இடத்தில் இந்த மாதம் இரண்டு கேட்டதும், அளவு கூடுகிறதா என்று பார்க்கும்படி எழுதியிருந்தீர்கள். தாங்கள் சொன்னபடி போன வாரமே மூடியில் அளந்து பார்த்தேன். சரியாக இரண்டு மூடி. தெரிவித்ததற்கு நன்றி. இனி மருந்து தேவைப்படாது. அனுப்ப வேண்டாம்.*

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார்.

கடிதம் காலை ஏழுக்கு. மருந்து ஊற்றியது எட்டுக்கு. சாவு மாலை நாலுக்கு!

"இப்ப அங்க என்ன பண்ணிட்டிருப்பாங்கய்யா?"

"வேற என்ன சார்... கிளாஸ் துடைச்சுட்டிருப்பாங்க."

"ஜீப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுடட்டும். இனிமே துடைக்க வேண்டியதில்ல."

கடிதத்தை மடித்தார். தன் அறிக்கையோடு ஒரு பெரிய கவருக்குள் வைத்தார். பசை தடவி, அரக்கு உருக்கி, முத்திரை குத்தினார். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச எழுந்து, கான்ஸ்டபிள் கையில் கொடுத்தார்.

கான்ஸ்டபிள் விழித்தான். "அந்தம்மா இதை மருந்துக்கடைக்குன்னு சொன்னாங்களே சார்?"

"கடைக்குத்தான்யா போகும்" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியை மாட்டிக்கொண்டே. "என்ன, கோர்ட்டைச் சுத்திக்கிட்டுப் போகும்!"