கொடி நின்ற பள்ளம்

மார்கழித் திங்களின் மாலைக் கதிரவன் கருங்கோட்டு மலைமுகட்டின் பின்னே சரிந்து மறைய, கீழ்த்திசையில் கிளம்பிய முழுமதி, பள்ளத்தாக்கின் அடியில் நெளிந்தோடிய காட்டாற்றின் மீது வெள்ளிப்பொடியை வாரி இறைத்தது. ஆற்றங்கரை நெடுகிலும் காவிரி நாட்டுப் படையின் முப்பது கூடாரங்கள் வெண்தாமரை மொட்டுகளைப் போல் வரிசையாய் நின்றன. ஆகா, என்ன எழில் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தாராளமாக வியக்கலாம். கூடாரங்களுக்குள் இருந்தவர்களுக்கோ பற்கள் கிட்டிப்போயிருந்தபடியால் வாயைத் திறந்து வியக்க வசதிப்படவில்லை.

அன்று காலை ஐந்து பேர் எழுந்திருக்கவில்லை. மேலே நான்கு போர்வை, கீழே ஈரத் தரையில் ஒற்றைக் கோரைப்பாய். போர்வைகளை விலக்கிப் பார்த்தவன் கூடாரங்களுக்குத் தலைவனான நக்கன். படைவீரன் வாளால் சாவான் என்றுதான் அவன் அதுவரை கேள்விப்பட்டிருந்தான். தான் அடித்த கூடாரத்துக்குள்ளேயே ஒருவன் கட்டையாய் விறைத்துச் சாவான் என்று எந்தப் பரணியிலும் பாடக் கேட்டதில்லை.

ஆகவே அந்தி மயங்கும் வேளையில் தளபதியின் பட்டுக் கூடாரத்துக்குள் அவன் கைகட்டி நின்றான். தளபதியின் திருநாமம் சமரகோலாகல சத்துருகுலகாலாந்தக வீரமார்த்தாண்ட மழவதரையர். இத்தனை பட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போர்த்திக்கொள்ள முடிந்திருந்தால் அந்த மலையில் குளிரே தெரிந்திராது.

"பெருமானே, கூடாரங்களை மேட்டுக்கு மாற்ற ஆணை வேண்டும். இங்கே குளிரும் தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்துத் தேங்குகிறது" என்றான் நக்கன்.

"ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். நம் முன்னோர் ஆற்றங்கரையை விட்டு வேறெங்கேனும் பாசறை இறங்கியதுண்டா, நக்கரே?"

"நம் ஆற்றங்கரையில் வேர்க்கும், பெருமானே. இங்கே உறைகிறது."

"நன்முகூர்த்தத்தில் ஊன்றிய கொடி அது! கொடி நிற்கும் இடமே பாசறை. கொடியை விட்டு விலகி உறங்குபவன் தப்பியோடி. அவன் தலை அவனுடையதன்று. கொடி எங்கே போனாலும் பின்செல்வது படையின் கடன். ஆனால் எம் ஆணையின்றி அதைப் பிடுங்குபவனுக்கும் தலை கிடையாது. புலிப்பல் மாலை அணிந்து மலைக்கோட்டையில் திரியும் அந்தக் கருங்கோட்டு வேள் என்னும் குறுநில மன்னனை உயிரோடு பிடிக்கும்வரை கொடி ஓர் அடியும் பின்வாங்காது!"

"தீயாவது மூட்டிக்கொள்ள..."

"தீயா? நாம் இங்கிருப்பது பகைவனுக்குத் தெரிந்துவிடாதா?"

காலையும் மாலையும் முரசும் சங்கும் அதிர அதிர முழங்கிக்கொண்டிருந்த படைக்குத் தளபதி இவ்வளவு மந்தணம் காத்தது பாராட்டத்தக்கதே. அவருடைய கட்டிலருகே ஒரு கணப்புச் சட்டி நிறையக் கரி செக்கச் சிவந்து கனன்றது. கரிக்குச் சுடரில்லை, புகையில்லை. ஆதலால் அது தீயன்று என்பது அவருடைய தருக்கம்.

"அது கிடக்கட்டும். நேற்று இந்த மூலையிலிருந்து ஊசிமுனைக் காற்று வந்து எம் செவியைத் தீண்டியது. எல்லா இடுக்கையும் தைத்துவிடும். உச்சித் துளையையும். யாம் படுத்தபின் வாசல் திரையை வெளியிலிருந்து தைத்து, காலையில் பிரித்துவிடும்."

"மெய்க்காவலர் நால்வர் உள்ளே படுத்தால் அவர்கள் உடற்சூடே போதும், பெருமானே."

"எம் மூச்சுக் காற்றைக் கண்டவரும் சுவாசிப்பதா?"

நக்கன் கோணியூசியை எடுத்தான். தைத்தான். வேலையில் அவன் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

வாசல் திரையில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, காலிக் கரிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி மாதி நின்றுகொண்டிருந்தாள். பத்து நாளாய்ப் பாசறைக்குக் கரி கொண்டுவரும் மலைப்பெண். அவள் வரும் வழியை நோக்கி நக்கனின் கண்கள் ஒவ்வொரு மாலையும் தாமாகவே திரும்பின என்பதை நாம் மறைப்பானேன்? ஒவ்வொரு நாளும் அவன் ஒருவனுக்கு மட்டும் ஒரு கட்டுக் காய்ந்த புல்லைப் போட்டுவிட்டுப் போவாள். "மேல போர்த்துறது அப்புறம். தரைதான் முதல்ல உசிரை உறிஞ்சும். அடியில போட்டுப் படு" என்பாள். அவன் உயிரோடிருந்தது அந்தப் புல்லால்தான்.

"நல்லா தெச்சியா, கூடாரக்காரரே?"

"ஈ நுழையாது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "வானத்தைப் பாரு. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. மேகம்தான் மலைக்குப் போர்வை; இன்னிக்கு அதுவும் இல்லை. விடியறதுக்குள்ள உங்க ஆளுங்கள்ல பாதிப்பேர் போயிருவாங்க."

நக்கன் முப்பது கூடாரங்களையும் திரும்பிப் பார்த்தான். "எங்கேதான் போகச் சொல்கிறாய்?"

"மேட்டுல யானைப்பாறை இருக்கு. அடியில பெரிய குடைவு. காத்து வராது. தீ மூட்டினாலும் கோட்டைக்குத் தெரியாது. சருகும் புல்லும் மலையாக் கிடக்கு."

"கொடி இங்கேயல்லவா நிற்கிறது?"

"கொடிக்கு மட்டும் குளிராதா?" என்று கேட்டுவிட்டு அவள் ஆற்றோரமாய் நடந்து மறைந்தாள்.

முதற் கூடாரத்தின் வாசலில் சாத்தன் என்னும் வேல்வீரன் தன் பாதங்களைக் கையால் தட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, எனக்குக் கால் இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. என் கண்ணை நம்ப முடியலை."

நக்கன் நேரே போய்க் கொடிக்கம்பத்தை இரு கைகளாலும் பற்றினான். உறைந்த மண் விடவில்லை. தோளைக் கொடுத்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான்.

"அண்ணே! தலை போயிரும்!"

"போறது ஒண்ணுதானேடா. இங்கே முந்நூறு இருக்கு. கொடி போகுது பார், கூப்பிடு எல்லாரையும்!"

கொடி மேடேறியது. விதிப்படி படை பின்னே ஏறியது. இத்தனை ஆர்வத்தோடு விதிக்குக் கீழ்ப்படிந்த படையை அந்த நாடு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. காவற்காரர் இருவர் மட்டும் தயங்கி, தைத்த திரையருகே நின்று "பெருமானே" என்று அழைத்தனர். உள்ளேயிருந்து குறட்டை வந்தது. துயிலெழுப்பினால் கசையடி, கொடியைப் பிரிந்தால் தலை. இருவரும் கொடியையே தேர்ந்தனர்.

யானைப்பாறையின் குடைவில் முழங்கால் உயரத்துக்குப் புல்லைப் பரப்பினார்கள். ஈரத் துணிகளைக் களைந்தார்கள். பாறை மறைவில் தீ மூட்டி, கூழாங்கற்களைச் சுட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்துப் பேராய் ஒட்டிப் படுத்தார்கள். சாத்தனின் இரண்டு கால்விரல்கள் போயின. உயிர் எவனுக்கும் போகவில்லை.

விடியலில், தலையைக் கொடுக்கத் துணிந்தவனாய், நக்கன் தனியே இறங்கினான். ஆற்றங்கரைப் புல்லெல்லாம் வெண்கண்ணாடியாய் நொறுங்கியது. வெற்றுக் கூடாரங்கள் பலகையாய் விறைத்திருந்தன. பட்டுக் கூடாரத்தின் தையலைப் பிரித்தான். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாய் ஒரு காற்று முகத்தில் மோதியது. மழவதரையர் மல்லாந்து கிடந்தார். காயமில்லை, விறைப்பில்லை, முகம் ரோஜாவாய்ச் சிவந்து, உயிரோடிருந்தபோது இல்லாத சாந்தம் குடிகொண்டிருந்தது. மூச்சுத்தான் இல்லை. சட்டியில் சாம்பல் பூத்திருந்தது.

"குளிர் இல்லையே... பிறகு எப்படி?" என்று நக்கன் முணுமுணுத்தான்.

"அடைச்ச இடத்துல கரி எரிஞ்சா மூச்சை அது குடிச்சிரும்." வாசலுக்கு வெளியே, சில அடி தள்ளி ஆற்றோரப் பாறைமேல் மாதி நின்றாள். "எங்க மலையில கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே!"

"தெரிஞ்சிருந்தா தெச்சிருப்பியா? அதான் சொல்லலை. கரி என்னுது. தையல் உன்னுது."

அவள் தோள்போர்வையை விலக்கினாள். இளவெயிலில் அவள் மார்பில் பளிச்சிட்டது ஒரு புலிப்பல் மாலை.

"நீயா... நீங்களா கருங்கோட்டு வேள்?"

"எங்கப்பா போய் மூணு மாசம் ஆச்சு. உங்க ஒற்றர்கள் எல்லாரும் மீசையைத்தான் தேடினாங்க."

"எங்களை மட்டும் ஏன் மேட்டுக்கு அனுப்பினீர்கள்?"

"முந்நூறு பிணம் என் ஆத்துல கிடந்தா நாங்க எந்தத் தண்ணியைக் குடிக்கிறது?" என்றவள் சற்றே குரலைத் தாழ்த்தினாள். "பத்து நாள் புல்லு சுமந்தது மட்டும் ஆத்துக்காக இல்லை."

ஒரு கூவல் கூவினால் மேட்டிலிருந்து முந்நூறு வேல்கள் இறங்கி வரும். நக்கன் கூவவில்லை. அவள் பாறைகளுக்கிடையே புகுந்து, ஒருமுறையும் திரும்பிப் பாராமல் மறைந்தாள்.

அன்பார்ந்த வாசகர்களே, சமரகோலாகலர் களத்தில் எண்ணற்ற பகைவரைக் கொன்று வீரசுவர்க்கம் எய்தினார் என்று பின்னாளில் ஒரு கல்லில் வெட்டினார்கள். கரியைப் பற்றியோ தையலைப் பற்றியோ அதில் ஓர் எழுத்தும் இல்லை. கொடியைப் பெயர்த்தவன் யார் என்று அரண்மனையில் விசாரித்தபோது, "தானாகவே நடந்துச்சு" என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் காலையில் நக்கனுக்கு அதெல்லாம் தெரியாது. தளபதியின் திறந்திருந்த விழிகளை மூடினான். கோணியூசியை முழங்காலில் வைத்து முறித்தான். "இனி இந்தக் கை எந்தக் கூடாரத்தையும் தைக்காது. இவர்களை ஊர் சேர்த்துவிட்டு, தலை மிஞ்சினால், இந்த மலைக்கே திரும்பி வருவேன். இது சத்தியம்" என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு மேடேறிக் கொடியைத் தோளில் சாய்த்துத் தென்திசை நோக்கி நடக்கலானான். விதிப்படி, படை பின்தொடர்ந்தது.